தோட்டத்து ஓடையில் சிறு நீர்மின்சாரம் இன்றும் பயன்படுமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே ஓடும் ஓடையில் 20 மீட்டர் வீழ்ச்சியும் நொடிக்கு 50 லீட்டர் நீரும் உண்டு, பொது மின்கம்பி வந்துவிட்ட பிறகும் அதில் சிறு நீர்மின் நிலையம் அமைப்பது பயன்தருமா?

மறுமொழி 1: கணக்குப்படி ஏறத்தாழ 10 கிலோவாட், குழாய் உராய்வும் சுழலியின் இழப்பும் போக 5 அல்லது 6 கிலோவாட் கிடைக்கும். ஆனால் எந்த மாதத்தில் அளந்தீர்கள்? நீர் வற்றும் மாசியில் ஓடும் நீரையே நம்புங்கள்.

மறுமொழி 2: ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் ஓடை நீராலேயே இயந்திரங்களை ஓட்டின, தேசிய மின்கட்டமைப்பு எட்டியதும் அவற்றுட் பல கைவிடப்பட்டன, கிராமத்து நிலையங்கள் பலவற்றுக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது. மின்சார சபைக்கு விற்கும் தனியார் நிலையங்களே பெருகின.

மறுமொழி 3: நான் ஒன்றை நடத்துகிறேன். மழை இரவில் குழாய் வாயிலின் சல்லடையில் அடையும் சருகை வாருவதுதான் பெரும் வேலை. ஓடை முழுவதையும் குழாய்க்குள் திருப்பிவிடாதீர்கள். கீழே மீனும் வயலும் இருக்கின்றன.