தோட்டத்தில் இருக்கும் சிவப்புக் குல்லா தாத்தா பொம்மை

கேள்வி:
ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். ரோஜாச் செடிகளின் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு தாத்தா பொம்மை நிற்கிறது. கூம்புக் குல்லா, வெள்ளைத் தாடி, கையில் மண்வெட்டி. பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது, முதுகெல்லாம் பாசி. மாமியார் திருஷ்டி பொம்மை என்கிறார். இது என்ன? மறுபடி பெயின்ட் அடிக்கலாமா?

பதில் 1:
திருஷ்டி பொம்மை இல்லைங்க. ஜெர்மனியிலிருந்து பரவிய கார்டன் நோம். நோம் என்றால் பூமிக்கடியில் கனிமத்தைக் காவல் காக்கும் குள்ளர்கள் என்று அந்தப் பக்கத்துக் கதைகள் சொல்லும். 1847-ல் சர் சார்லஸ் இஷாம் என்ற ஆங்கிலேயப் பிரபு ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து 21 சுடுமண் பொம்மைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், லாம்போர்ட் ஹால் என்ற தன் மாளிகையின் பாறைத் தோட்டத்தில் வைத்தார். அதில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். செல்லமாக லாம்பி என்கிறார்கள். அப்புறம் ஜெர்மனியில் கிராஃபென்ரோடா ஊர்ப் பட்டறைகள் இதையே தொழிலாக எடுத்துச் செய்தன. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் இதற்குத் தடை உண்டு. நூற்றாண்டு விழா என்பதால் 2013-ல் தடையைத் தளர்த்தி உள்ளே விட்டார்கள்.

என் அப்பா சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். தோட்டத்துக்கு அழகு என்றால் சிங்கம், தேவதை என்றுதான் வைப்பார்கள். மண் தோண்டுகிறவனைச் செய்து பூச்செடி நடுவில் நிறுத்தியிருக்கிறார்களே, அதற்காகவே எனக்கு இந்தப் பொம்மையை ரொம்பப் பிடிக்கும். தூக்கிப் போட்டுவிடாதீங்க.

பதில் 2:
எங்கள் வீட்டில் மண்பாண்டத் தொழில். முதலில் அடியைத் திருப்பிப் பாருங்க. சுடுமண் என்றால் உள்ளே கூடாக இருக்கும், ஓட்டையும் விட்டிருப்பார்கள். சிமென்ட் என்றால் கெட்டி, நல்ல கனம். சுடுமண்ணாக இருந்தால் எனாமல் வேண்டாம். மண் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயின்ட்டைத் தள்ளிவிடும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும், பாசி போய்விடும். நன்றாகக் காயவிட்டு, குல்லாவுக்குக் காவி, தாடிக்குச் சுண்ணாம்பு பூசுங்க. கீழே ரெண்டு கல் கொடுத்து ஏற்றி வையுங்க.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன், சுடுமண்தான். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, உள்ளே ஒரு நத்தை! மாமியாரிடமும் சொன்னேன். சரி, காவி எங்கே கிடைக்கும்?

பதில் 2:
சேலம் வந்தால் செவ்வாய்ப்பேட்டையில் கேளுங்க. கட்டியாக வாங்கி நீங்களே இடித்துச் சலித்துக்கொள்வது நல்லது. மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பூசலாம்.