1986 கேசட்டுகள்: வயலின் மட்டும் கம்முது, என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
1986-இல் வந்த ஆல்பங்களை மட்டும் தனியே எடுத்து கணினிக்கு ஏற்றுகிறேன். எனக்கு அந்த வருஷம் என்றால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'தான் முதலில். அன்றைக்கு மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர், சினிமாவுக்கு வெளியே வந்து, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாகப் போட்டது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் போதும், வேறெதுவும் வேண்டாம். அடுத்தது 'மௌன ராகம்' படப் பாட்டுகள். இரண்டுமே ரெக்கார்டிங் சென்டரில் (கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் கடை) 90 நிமிஷக் கேசட்டில் பதிந்தவை. டெக்கின் ஹெட்டை (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) சுத்தம் செய்தும் வயலின் போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல இருக்கிறது. ஒரு கேசட் கீச்சிடவும் செய்கிறது.

மாசிவீதி டெக்:
தம்பி, கேசட்டைக் குறை சொல்லாதீங்க, ஹெட் சாய்மானம்தான் காரணம். சென்டர் டெக்கின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் பதிந்திருக்கும். உங்க டெக் அதோடு ஒத்துப்போகலைன்னா மேல் ஸ்தாயி போயிரும்.

ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் உள்ளதை மட்டும் தொடுங்க. ஹெட்போன் போட்டு, ஒலியை மோனோவுக்கு (இரண்டு சேனலும் ஒன்றாகக் கலந்தது) மாற்றி, வயலின் தனியா வர்ற இடத்தை ஓடவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவா மெல்லத் திருப்புங்க. இரண்டு சேனலும் ஒன்றை ஒன்று தின்னுறது நின்னு, வில் நரம்பில் உரசுற சத்தம் பளிச்சுன்னு வர்ற இடம்தான் சரி. ஸ்டீரியோவில் இந்த இடம் இவ்வளவு துல்லியமாப் பிடிபடாது. இரைச்சலைக் குறைக்கிற டால்பி ஸ்விட்ச் ஆனில் இருக்கான்னும் பாருங்க. டால்பி இல்லாமப் பதிந்ததை அதில் ஓட்டினாலும் இப்படித்தான் கம்மும். வேற டெக்கில் பதிந்த கேசட்டுக்கு மறுபடி திருப்பணும்.

கீச்சிடுற கேசட்டை இரண்டு தடவை முழுசா முன்னும் பின்னும் ஓட்டுங்க. நிக்கலைன்னா, ஐந்து ஸ்க்ரூ போட்ட நல்ல கூடு ஒன்றில் இரு சுருளையும் மாற்றுங்க. நாடாவை ஹெட்டோடு அழுத்துற பஞ்சுப் பட்டை கழன்டிருந்தாலும் மேல் ஸ்தாயி விட்டு விட்டு வரும், அதையும் பாருங்க.

வைகைக்கரை:
நன்றிண்ணே. சுருதியும் கொஞ்சம் இறங்கியிருக்குமோன்னு சந்தேகம்.

திருநகர் ரசிகன்:
அதே பதிவை இணையத்தில் போட்டு நேரம் பாருங்க. 300 வினாடிப் பாட்டு உங்க கேசட்டில் 309 ஓடினா வேகம் சுமார் 3% குறைவு, சுருதி கால் கட்டை இறங்கியிருக்கும். பெல்ட் தளர்ந்திருக்கும், மாத்திட்டுப் பதியுங்க. மோட்டார் பின்னாடி ஓட்டையில் இருக்குற ஸ்க்ரூவில் மீதியைச் சரிசெய்யலாம்.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -6 டெசிபல் தாண்டாம வைங்க. இரைச்சல் நீக்குறதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீங்க. அந்த 'ஷ்ஷ்' சத்தம் இருக்குற மேல் ஸ்தாயியில்தான் வில்லின் உரசலும் இருக்கு. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. பாக் தனி வயலினுக்கு எழுதின மூன்றாம் பார்ட்டிட்டா வேகமா ஓடுது, ஒவ்வொரு ஸ்வரமும் வில் தொடுறப்ப 'ட்க்'குன்னு பிறக்கும். இரைச்சலைத் துடைச்சா அந்த 'ட்க்' மழுங்கி ஆர்மோனியம் மாதிரி ஆயிரும். துடைக்காத கோப்பைத் தனியா வைங்க.

மாசிவீதி டெக்:
சரியாச் சொன்னீங்க. கேசட்டைப் பரண்மேல மட்டும் வைக்காதீங்க தம்பி, நம்ம ஊர் மே மாசத்துக் கூரைச் சூட்டில் கூடு வளைஞ்சிரும். பீரோ கீழ்த்தட்டு போதும்.