தையல் கோடுகளைப் பேனாவில் வரைய உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஓசூர். நோட்டு அட்டைகளுக்கு டூடுல் வரைகிறேன். வழக்கமான பூ, மண்டலாவை விட்டு, இப்போது எம்பிராய்டரி தையல்களையே கோடுகளாக வரைந்து பார்க்கிறேன்.

கர்நாடகத்தின் கசூதி எம்பிராய்டரியில் வரும் கவந்தி தையல் பேனாவுக்கு ரொம்ப ஒத்துவருகிறது. போகும்போது விட்டுவிட்டு ஓடும் நூல், திரும்பும்போது இடைவெளியை நிரப்பும். கிராஃப் தாளில் அதே வரிசையில் வரைந்தால் கோபுரமும் தேரும் தானாக வந்துவிடுகின்றன. சங்கிலித் தையலும் சுலபம்தான், ஒவ்வொரு கண்ணியையும் முந்தையதன் உள்ளிருந்து தொடங்கினால் போதும்.

சிக்கல், சாய்ந்த நூல்கள் ஒன்றையொன்று கடந்து போகும் மீன்முள் (herringbone) தையலில். துணியில் எந்த நூல் மேலே போகிறது என்று தெரியும். தாளில் வெறும் பெருக்கல் குறி வரிசையாகத்தான் தெரிகிறது! கடக்கும் இடத்தில் கீழே போகும் கோட்டை இடைவெளி விட்டு வரைவதா, இரட்டைக் கோடு போடுவதா? 0.3 மி.மீ. முனைப் பேனா போதுமா, இன்னும் மெல்லியது வேண்டுமா?

அப்புறம், நம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம், சிட்லிங்கியில் லம்பாடி சமூகப் பெண்கள் மறந்துபோகவிருந்த தங்கள் எம்பிராய்டரியை மீட்டு, 'பொர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். அதை நேரில் பார்த்து வரைய ஆசை. போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? அவர்கள் வடிவங்களை விற்பனைக்கான அட்டையில் போடுவதென்றால் அனுமதி வாங்காமல் செய்ய எனக்கு மனமில்லை. யாரிடம், எப்படிக் கேட்பது என்றும் சொன்னால் நல்லது. பழைய லம்பாடித் துணிப் படம் வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள்.