மோட்டார்ஹோமின் வெந்நீர்க் குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஏறவில்லை: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடிய கனடாவின் வின்னிப்பெக் நகரக் குளிருக்காக எங்கள் மோட்டார்ஹோமின் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டியின்) தண்ணீர்க் குழாய்களைத் தயார்செய்து வருகிறேன். தொட்டிகளையும் 6 கேலன் வாட்டர் ஹீட்டரையும் வடித்து, ஹீட்டருக்குள் போகாமல் நேரே வெந்நீர்க் குழாய்க்குச் செல்லும்படி பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்பு மூலம் ஏற்றினேன். குளிர்நீர்க் குழாய்களில் நிறம் உடனே தெரிந்தது. வெந்நீர்க் குழாய்களிலோ வெறும் காற்றுதான் சீறுகிறது. இரண்டு கேலன் தீர்ந்த பிறகு வெளியே சென்று பார்த்தால், ஹீட்டரின் வடிகால் துளையிலிருந்து அதே இளஞ்சிவப்புத் திரவம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹீட்டரிலிருந்து வெந்நீர் வெளியேறும் முனையில் உள்ள செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் பாயவிடும் வால்வு) மூடாமல் திறந்தே நிற்பதால், பைபாஸ் வழியாக வரும் திரவம் ஹீட்டர் தொட்டிக்குள் திரும்பிப் பாய்கிறது என்பது என் ஊகம். கழற்றாமலேயே இதை உறுதிசெய்ய வழி உண்டா? புதிய செக் வால்வு போடுவதா, அல்லது அந்த இடத்தில் கையால் மூடும் வால்வு ஒன்றைப் பொருத்திவிடுவதா? சென்ற ஆண்டு வெளிப்புற ஷவரை மறந்துவிட்டு, வசந்தத்தில் அதன் குழாய் வெடித்திருந்ததைக் கண்டவன் நான். ஆகவே இம்முறை எதையும் அரைகுறையாக விட மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் இந்த வார இறுதிக்குள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.