வீட்டிலிருந்து வேலை: கேட்டதும் கிடைத்ததும்

ஊரப்பாக்கம் வாசகி:

மகப்பேறு விடுப்பின் 26 வாரங்கள் முடியும் தறுவாயில், சிறுசேரியில் இருக்கும் எங்கள் நிறுவனத்தின் மனிதவள அதிகாரியைச் சந்தித்து, குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் இதே வேலையை 2020 மார்ச் முதல் நாங்கள் அனைவரும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து செய்தவர்கள்தான் என்பதால், வேலையின் தன்மை இடம் கொடுக்காது என்று அவரால் சொல்ல முடியவில்லை. "சட்டத்தில் அப்படி எதுவும் இல்லையே, மேடம்" என்றார். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த, விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றிய 5(5) பிரிவைக் கைப்பேசியில் எடுத்து அவர் முன் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, "இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் என்றுதானே போட்டிருக்கிறது? நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார்.

அவர் சொன்னது சட்டப்படி சரியே என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரு தாயின் தேவையை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட பிரிவு, கடைசியில் முதலாளியின் மனத்தையே நம்பி நிற்கிறது. மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்று இப்போது ஓர் ஏற்பாட்டை முன்வைத்திருக்கிறார்கள். ஏற்பதா, வேலையை விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதேபோல் முடிவெடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

குரோம்பேட்டை:

எனக்கு முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் உரிமை இருந்தது. நானாகவே அதை விட்டுவிட்டு அலுவலகத்திற்குத் திரும்பினேன். எங்களுடையது ஒரே படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. அந்த அறையில் குழந்தைகளின் இணையவழி வகுப்பு, கூடத்தில் என் மேசை. மே மாதத்தில் ஒரு நாள், கூட்டம் முடிந்து துணி எடுப்பதற்காக மொட்டை மாடிக்குப் போனபோது, உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒடுங்கி நின்றபடி என் அப்பா ஊரிலிருக்கும் சித்தப்பாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் அவர் குரல் கேட்டே பல நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கர் விசில் எழாமல் சமைக்க அம்மா கற்றுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி மாலை வரை அணைந்தே கிடந்தது. யாரும் அவர்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை. என் சம்பளத்திற்காக இரண்டு முதியவர்கள் தங்கள் சொந்த வீட்டில் வாய் திறவாமல் இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சகோதரி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை என்பது, என்னைப் பொறுத்தவரை, உடன் இருப்பவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

கணக்காளன்:

குரோம்பேட்டை நண்பரின் வேதனை புரிகிறது; ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. 2010-11இல் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் தன் ஷாங்காய் அழைப்பு மையத்தில், ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினருடன் சேர்ந்து, ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. வேலையை விட்டுச் செல்பவர்களின் விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சோதனையில் சேர வேண்டுமானால் வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. நண்பரின் வீட்டுக்கு அதில் இடமே கிடைத்திருக்காது. ஆகவே அவர் வீட்டில் நடந்தது அறைப் பற்றாக்குறையின் விளைவு. அதற்காக அந்த முறையையே அநீதி என்று சொல்லிவிடுவது பொருந்தாது.

என் சொந்த அனுபவம் வேறு இடத்தில் வலித்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லாததைக் கண்டு மேலாளரைக் கேட்டபோது, அவர் உண்மையான வியப்புடன், "நீங்கள் இன்னும் நம் அணியில்தான் இருக்கிறீர்களா?" என்றார். அந்த ஆண்டு அணியில் மிக அதிகமான கணக்குகளை முடித்தவன் நான். சிட்ரிப் சோதனையிலும் இதே குறை வெளிப்பட்டது: ஒரே அளவு திறன் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்தபின், தனிமையைக் காரணம் காட்டிப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்பினார்கள். அதே நிறுவனம் பின்னாளில் 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்று சோதித்தது. 2024இல் வெளியான அந்த ஆய்வில் பதவி உயர்வில் வேறுபாடு தெரியவில்லை, ராஜினாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஊரப்பாக்கம் சகோதரி, உங்களிடம் சொல்லப்பட்டிருப்பதும் இதே இரண்டு நாள்தான். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முக்கூடல் மகள்:

இங்கே எல்லோரும் இந்த ஏற்பாடே 2020இல் பிறந்ததுபோல் எழுதுகிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். என் அம்மா பீடி சுற்றியவர். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டு நடையில் அமர்ந்து சுற்றி, மாலையில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நாள் நானும் உடன் போயிருந்தேன். எண்ணி வாங்குபவர் ஒரு கை நிறைய அள்ளி, சரியில்லை என்று ஒதுக்கினார். ஒதுக்கியதைத் திருப்பித் தரவும் இல்லை, கணக்கில் எழுதவும் இல்லை. அம்மா ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். அவர் கழுத்தில் நரம்பு எழுந்து நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட தொழிலில்கூட, 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே கணக்கில் சேர்த்தது. வீட்டில் சுற்றுபவருக்கு வருங்கால வைப்பு நிதி உண்டா என்ற வழக்கில், 1980களில் உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கூலியைக் குறித்துவைக்கும் புத்தகம் கையில் இருந்த பெண்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பு உண்மையில் பயன்பட்டது.

நான் இப்போது அதே வீட்டில் அமர்ந்து மென்பொருள் சோதனை செய்கிறேன். வேலைக்கு ஒப்புக்கொள்ளும்முன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நீ செய்ததை யார் எண்ணுவார்கள்?" மணிக்கணக்கா, முடித்த பணிகளின் எண்ணிக்கையா, இரவு ஒன்பது மணிக்கு வரும் அழைப்பு எதில் சேரும் என்பதையெல்லாம் நான் எழுத்தில் கேட்டு வாங்கினேன். கணக்காளன் ஐயா எவ்வளவோ செய்தும் எவர் கண்ணிலும் படாமல் போனதற்கு, எண்ணும் முறை எழுத்தில் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன்.

கும்பகோணம் மொழிபெயர்ப்பாளர்:

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில், நீதிமன்ற ஆவணம் ஒன்றின் கடைசிப் பக்கங்களைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில், கல்யாணப் பத்திரிகை அச்சிட வந்தவர்களின் நடுவே நின்றுகொண்டே முடித்து அனுப்பினேன். என் கதை அவ்வளவே. ஆனால் இதுவரை எழுதிய எவரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசாததால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நம் வீட்டு ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தாலும், தெருவில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்கு இல்லையென்றால் இணையம் நின்றுவிடும். ஆகவே இரண்டாவது இணைப்பு வேறொரு நிறுவனத்தினுடையதாகவும், முடிந்தால் கைப்பேசி அலைவரிசையில் வருவதாகவும் இருக்கட்டும். ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கிவிட்டால், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் அழைப்பு துண்டிக்கப்படாது. பகல் முழுவதும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடினால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டக்கூடும். தாண்டினால், அதற்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை விகிதம் கைவிட்டுப் போய்விடும். அந்தக் கூடுதல் தொகையைப் பேருந்துச் செலவில் மிச்சமாவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்காலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்த பலர் எலும்பு மருத்துவரிடம் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஊரப்பாக்கம் வாசகி:

அனைவருக்கும் நன்றி. வேலையை விடப்போவதில்லை, இரண்டு நாள் ஏற்பாட்டை ஏற்கிறேன் என்று நேற்று இரவு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாட்கள் எவை, எந்த மாதம்வரை, வேலை எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதி உண்டு என்பதும் அதே 2017 திருத்தம் கொண்டுவந்தவை. அங்கே முதலாளியின் விருப்பத்திற்கு இடமில்லை. ஆகவே அலுவலகம் வரும் மூன்று நாட்களுக்குக் காப்பகம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் இதுவரை நான் அப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை. வேறு நிறுவனத்தில் இதைக் கேட்டுப் பெற்றவர்கள் இருந்தால், யாரிடம், எந்த வடிவில் எழுதிக் கேட்டார்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.