மறு: மறு: 'அணுகல்' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ செயலியைத் தமிழாக்குவதற்கான சொற்பட்டியலில் பாக்கி நிற்பவற்றைப் பற்றி. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> கேட்ச்-அப் டிவி = மீள்பார்வைத் தொலைக்காட்சி

மீள்பார்வை என்றதும் எனக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. ஏற்கெனவே பார்த்ததை மறுபடி பார்ப்பது மீள்பார்வை. இங்கே ஆள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை; ஒளிபரப்பான நேரத்தில் விட்டுவிட்டு இப்போது தேடி வருகிறார். 'மறுஒளிபரப்பு' என்றும் சொல்ல முடியாது, அதில் நேரம் குறிப்பது நிலையம். பொத்தானில் 'விட்டதைப் பார்' என்று போடுவோம், சேவையைக் குறிக்க 'விட்டகாட்சிச் சேவை'. 'பிடித்துக்கொள் தொலைக்காட்சி' என்று எழுதியவர் கிண்டலுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

> விண்டோ = கிடைக்கும் சாளரம்

வேண்டாம். ஒரு நிகழ்ச்சி செயலியில் எத்தனை நாள் கிடைக்கும் என்பதைத்தான் இங்கே 'விண்டோ' என்கிறார்கள். கணினித் திரையில் ஏற்கெனவே ஒரு சாளரம் திறந்திருக்கிறது. 'கெடு' என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது கட்டடத்தில் இன்னொரு ஓட்டை எதற்கு? இந்தச் சேவைகள் நடப்பதே கெடுவை வைத்துத்தான். பிபிசியின் விட்டகாட்சிச் சேவையான ஐபிளேயர் 2007 கிறிஸ்துமஸ் அன்று முறையாகத் தொடங்கியபோது பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு 7 நாள் கெடு. 2014இல் அது 30 நாள் ஆனது. 12 மாதம் வரை வைத்துக்கொள்ள பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தலையசைத்தது 2019இல். சர்வரில் இடம் இல்லாததால் வந்த எல்லை அல்ல இது. கதை எழுதியவர், நடித்தவர், பின்னணிப் பாட்டின் உரிமைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் எத்தனை நாளுக்கு, எந்த நாட்டுக்கு என்று பேசி வாங்கிய சம்மதத்தின் எல்லை. ஆகவே 'பார்வைக் கெடு: இன்னும் 3 நாள்'. படிப்பவருக்கு உடனே புரியும்.

சரி, இப்போது பெரிய தலைவலி.

> அக்சஸ் = அணுகல், அக்சஸிபிலிட்டி = அணுகல்தன்மை. புழக்கத்தில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

காது கேளாத தோழி ஒருவர் தன் செயலிகளையெல்லாம் தமிழில்தான் வைத்திருப்பார். போன மாதம் ஒரு விட்டகாட்சிச் செயலியில் தொடர் ஒன்றைத் திறந்திருக்கிறார். 'இந்த நிகழ்ச்சிக்கான அணுகல் உங்கள் பகுதியில் இல்லை' என்று வந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போனால் 'அணுகல்' என்றே ஒரு பிரிவு. இடம் போதாமல் யாரோ 'தன்மை'யை வெட்டியிருக்கிறார்கள். உள்ளே, பார்வையோ கேட்புத் திறனோ குறைந்தவர்களுக்கான எழுத்தளவு, நிற வேறுபாடு, சப்டைட்டில். ஒவ்வொன்றாக அணைத்து, ஏற்றி, திரும்ப அணைத்துக் கால் மணி நேரம் மல்லாடிவிட்டு எனக்குத் திரைப்பிடிப்பு அனுப்பினார். "எதை ஆன் செய்தால் திறக்கும்?" எதைச் செய்தாலும் திறக்காது. பூட்டியவர் உரிமைக்காரர், இவர் சாவி தேடியது மூக்குக்கண்ணாடிக் கூட்டில். இதே மாதிரிச் செய்திகளை நானும் அப்படித்தான் மொழிபெயர்த்துத் தள்ளியிருக்கிறேன் என்பதால் அவருக்கு விளக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பார்க்க விடுகிறார்களா என்பது ஒரு கேள்வி, அது அக்சஸ்; விட்டாலும் பார்க்க முடிகிறதா என்பது வேறு, அது அக்சஸிபிலிட்டி. கெடு முடிந்துவிட்டால் எவ்வளவு நல்ல சப்டைட்டில் இருந்தும் புண்ணியமில்லை. தலைகீழாகவும் நடக்கும்: சந்தா கட்டியாயிற்று, நிகழ்ச்சியும் ஓடுகிறது, ஆனால் டிவியில் வந்தபோது கீழே ஓடிய சப்டைட்டில் இணையத்துக்கு வரும் வழியில் கழன்றுவிட்டது. சப்டைட்டிலோடு ஒளிபரப்பானது இணையத்திலும் அப்படியே வர வேண்டும் என்று அமெரிக்காவில் 2010இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இன்னொரு கூத்து, நகலெடுப்பதைத் தடுக்கப் போடும் டிஜிட்டல் பூட்டு. பூட்டிய வீடியோவைத் திரைப்பிடிப்பு செய்தால் பல சாதனங்களில் கறுப்புச் சதுரம்தான் விழும். திரையைப் படம்பிடித்துப் பெரிதாக்கியோ, அதில் உள்ள எழுத்தைப் படித்தோ காட்டும் கருவிக்கும் அதே கறுப்புதான் கிடைக்கும். திருடனுக்குப் போட்ட பூட்டில் மாட்டுவது பார்வை மங்கியவர்.

சட்டமும் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. பார்வையற்றோரும் படிக்க வேண்டும் என்று வந்த 2013இன் மராக்கேஷ் பன்னாட்டு ஒப்பந்தம் பதிப்பாளரைக் கேட்காமலே புத்தகத்தைப் பிரெயிலுக்கு மாற்ற வழிசெய்தது. 2014இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் அது எழுத்துப் படைப்புகளோடு நின்றுவிடுகிறது, தொலைக்காட்சி நிகழ்ச்சி அதில் வராது.

என் முன்மொழிவு: அக்சஸ் என்பது உரிமையைச் சொல்லும் இடத்தில் 'அனுமதி'. 'இந்த நிகழ்ச்சியை உங்கள் பகுதியில் காட்ட அனுமதி இல்லை.' முடிந்தது. அக்சஸிபிலிட்டிக்கு 'எட்டுமை'. ஆளு, ஆளுமை, இயலு, இயலுமை, அந்த வழியில் எட்டு, எட்டுமை. கண்ணுக்கு எட்டியது, காதுக்கு எட்டியது, கைக்கு எட்டியது, அறிவுக்கு எட்டியது என்று நாம் எப்போதும் சொல்கிறோம். எட்டுமை அமைப்புகளில் இருக்கிற அத்தனையும் இந்த நாலுக்குள் அடங்கிவிடுகிறது பாருங்கள். 'அணுகு' என்றால் ஆள் நடந்து போக வேண்டும். 'எட்டியது' என்றால் பொருள் வந்து சேர்ந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதுதானே இங்கே பிரச்சினையே!

'எட்டு' எண்ணாகவும் படும் என்று ஆட்சேபம் வரும். 'ஆறு' ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, யாரும் குழம்பவில்லை. கனமான ஆட்சேபம் வேறு: கைபேசிகளில் ஏற்கெனவே 'அணுகல்தன்மை' உட்கார்ந்திருக்கிறது, ஒரே சாதனத்தில் இரண்டு சொல் இருந்தால் தேடுபவர் தடுமாறுவார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இந்த ஒரு செயலியில் மட்டும் முதலில் போட்டு, பயன்படுத்துகிறவர்கள் நாலு பேரிடம் காட்டிப் பார்க்கலாம். தோழி தயாராக இருக்கிறார். 'அனுமதி' மாற்றத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே செய்யலாம்.

அப்புறம் ஒன்று. பட்டியலில் ஆடியோ டிஸ்கிரிப்ஷனுக்கு 'ஒலி விவரிப்பு' என்று இருப்பது ஒலியை விவரிப்பதாகப் படிக்கிறது. அங்கே விவரிக்கப்படுவது காட்சி, கேட்பவர் பார்வையற்றவர். 'காட்சியுரை' எப்படி இருக்கிறது? வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.