57 வயதில் கீபோர்டும் கம்ப்யூட்டரும்: விரல் மந்தமா, வேறு ஏதாவதா?

பேரேட்டுக்காரன் (கேள்வி)

வணக்கம். வயது 57. முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை. இசை முறையாகப் படித்தவனில்லை. கல்லூரி நாட்களில் ஆர்மோனியம் வாசிப்பேன், மெட்டுப் போடுவேன். ஸ்வரம் எழுதி வைக்கத் தெரியாததால் தோன்றியதையெல்லாம் கேசட்டில் முனகிப் பதிந்து வைத்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், இடமாற்றம். ஆர்மோனியம் எங்கோ கைமாறிவிட்டது. கேசட்டுகள் மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தன. மொத்தம் 14. இரண்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன்பு மகன் கம்ப்யூட்டரில் செருகி வாசிக்கும் ஒரு 49 கீ மிடி கீபோர்டும் ஒரு ப்ளூடூத் ஹெட்போனும் வாங்கிக் கொடுத்து, லேப்டாப்பில் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனான். அந்த முனகல்களையெல்லாம் முழுப் பாட்டாக ஆக்க வேண்டும், இதுதான் ஆசை. தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் உட்காருகிறேன். மூன்று விஷயங்கள் என்னைப் போட்டுப் படுத்துகின்றன.

ஒன்று, தாளம். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் கிளிக் (தாளம் காட்டும் தட்டுச் சத்தம்) வைத்து வாசிக்கிறேன். வாசிக்கும்போதே விரலுக்கும் சத்தத்துக்கும் ஒட்டவில்லை. பதிந்ததைத் திரையில் பார்த்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தாளக் கோட்டுக்கு வலது பக்கம், அதாவது தாமதமாக, தள்ளி விழுந்திருக்கிறது. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் இப்படித்தான். இசை தெரிந்த நண்பர் ஒருவர், "வயசாகிடுச்சுன்னா ரிஃப்ளெக்ஸ் அப்படித்தான் சார், மனசை விட்டுடாதீங்க" என்றார். ஆறுதல் சொல்கிறேன் என்று ஆளையே உட்கார வைத்துவிட்டார்.

இரண்டு, சுருதி. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூடவே கீபோர்டில் வாசித்தால் என் குரல் எந்தக் கீயிலும் உட்காரவில்லை. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. ஆர்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியதுதான், அதனால் சுருதி விலகியிருக்காது. இப்போது என் காதுதான் கெட்டுவிட்டதா?

மூன்று, நான் செய்த ஒரு பாட்டை மகனுக்கு அனுப்பினேன். "அப்பா, ஜால்ரா சத்தம் காதைக் கிழிக்குது" என்றான். எனக்கு அது மெல்லிசாகத்தான் கேட்டது.

நேராகக் கேட்டுவிடுகிறேன். இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

ஒலிக்கலவை

சார், வயதுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. ஸ்வரங்கள் கோட்டுக்கு வலது பக்கம் விழுகின்றன என்கிறீர்கள். எல்லாமேவா? ஒன்றுகூட இடது பக்கம் இல்லையா?

விரல் தடுமாறினால் சிலது முந்தும், சிலது பிந்தும். எல்லாம் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி விழுந்தால் அது விரல் இல்லை, மெஷின். கணக்குப் பார்த்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பேரேட்டில் எல்லாப் பக்கத்திலும் ஒரே தொகை இடித்தால் எங்கே தேடுவீர்கள்?

எனக்குச் சந்தேகம் அந்த ப்ளூடூத் ஹெட்போன் மேல். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரித்துத்தான் காதுக்குத் தருகிறது. இதில் தாமதம் 200 மில்லிசெகண்ட் வரை போவது சாதாரணம். பாட்டுக் கேட்க அது தெரியாது, வாசிக்கத்தான் ஆகாது. 90 வேகத்தில் ஒரு அடி 667 மில்லிசெகண்ட். அதை நாலாக வகுத்தால் 167. அதாவது வேகமான இடத்தில் நீங்கள் அடுத்த கீயைத் தொட்ட பிறகுதான் முந்தைய ஸ்வரமே காதுக்கு வருகிறது. கிளிக்கும் அதே தாமதத்தோடுதான் வருகிறது. தாமதமாக வந்த கிளிக்குக்கு நீங்கள் சரியாக வாசித்திருக்கிறீர்கள், அது திரையில் தாமதமாகத் தெரிகிறது. இருபது வயதுப் பையனை உட்கார வைத்தாலும் இதே கதைதான்.

வயர் உள்ள ஹெட்போன் எதுவானாலும் செருகுங்கள். அப்புறம் ஆடியோ செட்டிங்கில் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாகச் சேர்த்து அனுப்புகிறது, எவ்வளவு என்று பாருங்கள். 1024 என்று இருந்தால், விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற ரேட்டில் அதுமட்டுமே 23 மில்லிசெகண்ட். வாசிக்கும்போது 128-க்கு இறக்கினால் 3 ஆகிவிடும். லேப்டாப் திணறி, சத்தம் படபடவென்று உடைந்தால் 256 வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது பழையபடி ஏற்றிவிடலாம். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவரும் வேண்டும்.

இதை மாற்றிவிட்டு ஒரு வாரம் வாசியுங்கள். அதுவரை, ஸ்வரங்களைத் தானாகக் கோட்டுக்கு இழுத்துவிடும் குவாண்டைஸ் பொத்தானைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்திவிட்டால் உங்கள் கை எப்படி என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கேசட் விஷயமும் மெஷின்தான். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். இந்த வேகம் 3 சதவீதம் மாறினால் போதும், சுருதி கால் கட்டை நகர்ந்துவிடும். நீங்கள் சொன்ன "நடுவில் தொங்குவது" அச்சாக அதுதான். இப்போது ஓட்டும் பிளேயரில் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி இறங்கும். அன்றைக்குப் பதிவு செய்த ரெக்கார்டர் பேட்டரி குறைந்து மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறும். ரீப்பரில் அந்தத் துண்டின் மேல் இரட்டைச் சொடுக்கு போட்டால் பிளேபேக் ரேட் என்று ஒரு கட்டம் வரும். வேகம் மாறும்போது சுருதியைக் காப்பாற்று என்ற டிக்கை எடுத்துவிட்டு 1.00 என்பதை 0.97, 1.03 என்று நகர்த்திப் பாருங்கள். குரல் ஒரு கீயில் வந்து உட்காரும். காது கெட்டிருந்தால் "நடுவில் தொங்குகிறது" என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது சார்.

நரைமுடி ஸ்டுடியோ

எனக்கு 66. ஆகவே உங்களைத் தம்பி என்று கூப்பிட உரிமை இருக்கிறது. நான் இதில் இறங்கியது 61-இல்.

முதல் இரண்டுக்கும் மேலே இருப்பவர் பதில் சொல்லிவிட்டார். மூன்றாவது, தம்பி, அது வயதேதான். மழுப்பி என்ன ஆகப் போகிறது.

சின்ன வயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது, வயது ஏற ஏற மேலிருந்து தேயும். ஜால்ரா, சிம்பல், குரலில் வரும் "ஸ்" இவற்றின் மினுமினுப்பு அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. நமக்கு அது குறைவாகக் கேட்கிறது, போதவில்லையே என்று ஏற்றிவிடுகிறோம், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் முதன்முதலில் செய்த தாலாட்டை என் பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். தூங்க வைக்கப் போட்ட பாட்டுக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்து, "பாட்டி, இதுல பூச்சி கத்துது" என்றது. ஒரு சிந்தசைசர் ஒலியின் மேல் நுனி அது. எனக்கு அப்படி ஒரு பூச்சி இருப்பதே தெரியவில்லை. பயந்துபோய்க் காது சோதனைக்குப் போனேன். எல்லாம் வயதுக்கேற்ற அளவில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனை சாதாரணமாக 8000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பேச்சு புரிய அது போதும். பேத்தியின் பூச்சி அதற்கும் மேலே இருந்தது.

இதனால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பியானோவின் கடைசிக் கீ, அந்த வலது ஓரத்துக் கீ, அதன் அடிப்படை அதிர்வே 4186 ஹெர்ட்ஸ்தான். மெட்டு, சுருதி, தாளம், ஒத்திசை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நம்மிடமிருந்து நழுவுவது சரிகை மட்டும். துணி அப்படியே இருக்கிறது.

நான் செய்வது இதுதான். எனக்குப் பிடித்த, நன்றாகப் பதிவான பாட்டு ஒன்றை அதே புராஜெக்டில் ஒரு டிராக்கில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர், ரீப்பரோடு வருகிற ஈக்யூவிலேயே (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கிறது. அந்தப் பாட்டின் மேல்பக்கக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, என்னுடையதும் அங்கேதான் நிற்க வேண்டும். 10,000-க்கு மேலே கண்ணைத்தான் நம்புகிறேன், காதை இல்லை. கடைசியில் பேத்தி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கூலி கேட்கிறாள், அது வேறு கதை.

இன்னொன்று, சத்தத்தைக் குறைத்து வேலை செய்யுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு. 88 ஆனால் 4 மணி நேரம்தான், 3 டெசிபல் ஏறினாலே நேரம் பாதியாகிவிடும். மிச்சமிருக்கும் காதை ஹெட்போனுக்குப் பலி கொடுக்காதீர்கள். காதில் ரீங்காரம் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

பாதிப்பாட்டு

இந்த வயதில் இது வேண்டாத வேலையா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். எனக்கு 49.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் யாராவது வந்து, இளையராஜா 2025 மார்ச்சில் 81 வயதில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றவில்லையா என்பார்கள். பெருமைதான், நானும் புல்லரித்தேன். ஆனால் அவர் 1976-இலிருந்து இடைவிடாமல் இசையமைத்து வந்தவர். அந்தக் கணக்கை நம்மைப் போலப் புதிதாகத் தொடங்குகிறவன் தலையில் கட்டினால் அவனுக்குப் பயம்தான் வரும், தெம்பு வராது.

நேர்மையாகச் சொன்னால், சினிமா வாய்ப்பு, சம்பாத்தியம் என்று கிளம்பினால் வயது இடிக்கும். ராத்திரி பகலாக ஸ்டுடியோவில் கிடக்க இருபதுகளில் இருக்கிறவனால் முடியும், குடும்பஸ்தனால் முடியாது. உங்கள் கேள்வியில் அந்த வாசனையே இல்லை. 14 கேசட், அதிலிருக்கும் மெட்டுகள், அவ்வளவுதான். அதற்கு யார் வயதைக் கேட்கப் போகிறார்கள்?

உங்களை மாதிரி ஆட்களைக் கவிழ்ப்பது கடைதான், வயது இல்லை. கையில் கொஞ்சம் காசு இருக்கும், இந்த மைக் இருந்தால் நன்றாக வரும், அந்தப் பிளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) இருந்தால் நன்றாக வரும் என்று போவோம். என் கம்ப்யூட்டரில் 51 பாட்டு பாதியில் நிற்கிறது. பிளகின் மட்டும் 200-க்கு மேல். முடித்தது மூன்று. அதில் இரண்டு, இன்டர்நெட் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் முடித்தது. ஒரே கேசட், ஒரே மெட்டு, நாலு டிராக். அதை முடிக்கும்வரை எதையும் வாங்காதீர்கள். வயர் ஹெட்போன் மட்டும் விதிவிலக்கு.

பேரேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பழக்கதோஷம், நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ப்ளூடூத்தில் வாசித்த 64 ஸ்வரங்கள்: அறுபத்து நான்கும் பிந்தியவை, எல்லாமே 170-க்கும் 215 மில்லிசெகண்டுக்கும் நடுவில். மேசை இழுப்பறையில் கிடந்த வயர் ஹெட்போனைச் செருகி, பஃபரை 128 ஆக்கி, அதே பகுதியை மறுபடி வாசித்தேன். 23 முந்தியவை, 41 பிந்தியவை, எதுவும் 40-ஐத் தாண்டவில்லை. ஆறு மாதம் என் விரலைத் திட்டியிருக்கிறேன். ஹெட்போனைத் திட்டியிருக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் பிழையில் என்னுடையது ஒன்று துல்லியமாகத் தெரிகிறது. இடது கை மோதிர விரல் விழும் இடமெல்லாம் பிந்துகிறது, தவறாமல். ஆர்மோனியத்தில் இடது கை துருத்திக்குத்தான் போகும், அந்த விரலுக்கு வேலையே கிடையாது. அதை இப்போதுதான் வேலைக்குச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா சொன்னபடி அனலைசரில் பார்த்தேன். என் ஜால்ரா மலை மாதிரி நின்றது. 9 டெசிபல் இறக்கியும் எனக்கு வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. மகன் "இப்ப ஓகேப்பா" என்றான். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

கேசட்டில்தான் ஒரு வேடிக்கை. 0.96 வைத்ததும் குரல் ஒரு கட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சந்தோஷமாகக் கீபோர்டில் கூடவே வாசித்தேன். சரணம் வருவதற்குள் குரல் மறுபடி மேலே ஏறிவிட்டது. மறுபடி இறக்கினேன், மறுபடி ஏறியது. கடைசியில் மெட்டு முடிந்து சில விநாடி அமைதி, அப்புறம் சிறுபிள்ளை மாதிரிக் கீச்சென்று ஒரு குரல்: "அண்ணா, பேட்டரி இருக்கா?"

அது நான்தான். எனக்கு அப்போது 20 வயது இருக்கும்.

இப்போது அந்த நாலு நிமிடத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் வைத்து இறக்கிக்கொண்டு வருகிறேன். பதினொன்றாவது துண்டில் ஒட்டு அப்பட்டமாகத் தெரிகிறது. அதை எப்படி மறைப்பது?

ஒலிக்கலவை

மூச்சு இழுக்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள் சார், ஸ்வரத்தின் நடுவில் வேண்டாம். இரண்டு துண்டும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துவிட்டால் ரீப்பரே கிராஸ்ஃபேட் போட்டுவிடும், ஒன்று தேய்ந்து மறைய மற்றது மெல்ல எழும். பதினொன்றை மட்டும் இன்னும் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பேட்டரி தீரும் நேரத்தில் வேகம் சடசடவென்று விழுந்திருக்கும், ஒரே எண் அதற்குப் போதாது.